ஆஸ்துமா கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள்?

உலகத்தில் எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் என்று இரண்டே வகையினர்தான் இருக்கிறார்கள் என்று நீங்கள் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தால், அந்த நிம்மதியைக் கெடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. ஊருக்குள் இன்டர்நெட் வந்த கையோடு அதுவும் வந்து சேர்ந்தது. எழுதாது என்றில்லை, எழுதும். படிக்காது என்றில்லை, படிக்கும். ஆனால் அதன் உயிர் இரண்டிலும் இல்லை. தான் எழுதியதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கேள்வியில் இருக்கிறது. இந்த இனத்துக்கு எத்தனைபேர்க்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வேறு நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் சொல்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு.

அடையாளம் காண்பது கடினமில்லை. நீங்கள் வணக்கம் சொன்னால் அவரும் சொல்வார், ஆனால் சொல்லும்போதே அவர் கண் உங்கள் தோளைத் தாண்டிக் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்வரும். ஒரு மெயில் அனுப்பிவிட்டு, "மெயில் வந்துதா?" என்று போன் செய்வார். வந்தது என்றால் "தொறந்தியா?" என்பார். திறந்தேன் என்றால் "அட்டாச்மென்ட்டை?" என்பார். அதையும் திறந்தேன் என்று நீங்கள் பொய் சொன்னால், போனை வைத்துவிட்டு உங்களை எங்கோ ஒன்று என்று கூட்டிக்கொள்வார். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார். அதைக் கூட்டமுடியாது அல்லவா?

சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றியவள் நான். இந்த இனம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்று சாட்சி சொல்ல என்னால் முடியும். மலையடிவாரத்து விடுதி ஒன்றில், ஜன்னலுக்கு வெளியே பனிச்சிகரம் வெயிலில் ரோஜா நிறமாகிக்கொண்டிருக்க, ஒருவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தம் பாஸ்போர்ட்டில் எத்தனை முத்திரை என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் வெறும் கற்றுக்குட்டி. இனத்தின் முழுமையான, குறையில்லாத, கண்காட்சியில் வைக்கத்தக்க உதாரணத்தைப் பார்க்க நான் பெங்களூருக்குத் திரும்பி வரவேண்டியிருந்தது. அவர் பெயர் டாக்டர் பத்ரிநாத்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சு மருத்துவர். வீட்டில் சும்மா இருக்கமுடியாமல், அடுத்த பயணம் வரைக்கும் என்று நான் அந்த ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நல்ல டாக்டர். அதைச் சொல்லாவிட்டால் பாவம். சனிக்கிழமை தோறும் தரைத்தளத்து அறையில் ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு இலவசமாக கிளினிக் நடத்துவார். மர்பி டவுனிலிருந்தும் அத்திபெலேயிலிருந்தும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். அங்கே அவர் கண்டுகொண்டதைத்தான் கட்டுரையாக எழுதினார். சின்னக் குழந்தைகளுக்கு இன்ஹேலரை அழுத்தும் கணத்திலேயே மூச்சை இழுக்கத் தெரியாது, மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். அதற்காகக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குடுவையை வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு காலித் தண்ணீர் பாட்டிலின் அடியில் துளை போட்டு இன்ஹேலரைச் செருகி, பாட்டிலின் வாயைக் குழந்தையின் வாயில் வைத்தால் போதும், மருந்து பாட்டிலுக்குள் நிற்கும், குழந்தை மெதுவாக இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் கட்டுரை. படத்தோடு, அட்டவணையோடு, ஆங்கிலத்தில்.

அதை நான் வெப்சைட்டில் ஏற்றினேன். அந்தக் காலத்து வழக்கப்படி பக்கத்தின் அடியில், ஸ்கூட்டரில் கிலோமீட்டர் ஓடுமே அதுபோல, வந்துபோகிறவர்களை எண்ணும் மீட்டர் ஒன்றையும் வைத்தேன். மீட்டர் ஓட ஆரம்பித்தது. டாக்டர் நின்றுவிட்டார்.

காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பார். மாட்டிய பிறகு ஒருமுறை. காபிக்கு முன், காபியோடு, காபி ஆறிய பிறகு. முதல் வாரத்திலேயே எண் நன்றாக ஏறியிருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நீங்க தொறந்து பாத்தாலும் ஏறும் டாக்டர்," என்றேன்.

"ஏன், நான் படிச்சா அது படிப்பில்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

அடுத்த கட்டம் பூகோளம். எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வழியுண்டு என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. தினமும் விடிகாலையில் யாரோ ஒருவர் பின்லாந்திலிருந்து வந்து கட்டுரையைத் திறக்கிறார் என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் அவர் பேச்சே மாறிவிட்டது. "அங்க குளிர் ஜாஸ்தி, அதான்," என்பார் லிப்டில். "யாரோ பெரிய புரொபசர், ஒரு நாளும் தப்பாம வரார்," என்பார் கேன்டீனில். நான் நோண்டிப் பார்த்தேன். அது மனிதரே இல்லை. தேடுதளம் ஒன்று உலகத்துப் பக்கங்களையெல்லாம் மேய அனுப்பும் புரோகிராம். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

டாக்டர் அசரவில்லை. "புரோகிராமா இருந்தா என்ன? பூராவும் படிச்சிருக்கு பாரு. நம்ம டிபார்ட்மென்ட்ல எவன் பூராவும் படிச்சான்?"

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி கோமளம் மாமி ஒருநாள் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "சாப்பிட வரேளான்னு கேட்டா, இரு, இன்னும் ரெண்டு பேர் வரட்டும்ங்கறார். யாரோ விருந்தாளின்னு நெனச்சு நானும் கூட ரெண்டு தட்டு வெச்சேன். வந்தாளா? மீட்டர்ல வந்தாளாம்."

நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போகும். "படிச்சியாடா?" "சூப்பர் சித்தப்பா." "எந்த பார்ட் புடிச்சுது?" கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் முழுவதும் மௌனம். "பாட்டில் போட்டோ சித்தப்பா." "சரி, உன் ஆம்படையாளையும் அவ மெஷின்லேர்ந்து தனியாத் தொறக்கச் சொல்லு."

இதெல்லாம் விளையாட்டு. நோயாளியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோதுதான் விளையாட்டு கொஞ்சம் தாண்டியது. அப்போதெல்லாம் டெலிபோன் வழியாகத்தான் இன்டர்நெட், ஒரு பக்கம் திறப்பதற்குள் பாலைக் காய்ச்சி இறக்கிவிடலாம். டாக்டர் ஒரு கையால் மவுஸை அழுத்திவிட்டு, மறுகையால் குழாயைப் பெரியவர் ஒருவர் முதுகில் வைத்து, "மூச்சை நன்னா இழுங்கோ," என்றார். பெரியவர் இழுத்தார். "அப்படியே புடிங்கோ." பிடித்தார். திரையில் தலைப்பு வந்தது. ஆசிரியர் பெயர் வந்தது. பாட்டில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. பெரியவர் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டவணை வந்தது. பெரியவரின் காது சிவந்தது. கடைசியில் மீட்டர் வந்தது. "விடுங்கோ," என்றார் டாக்டர், தாமும் விட்டபடி.

ஆஸ்துமாக்காரரை வைத்து இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். பெரியவரே கேட்கவில்லை. "ரொம்ப நிதானமா பாக்கறாரும்மா," என்று வெளியே வந்து புகழ்ந்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு நல்ல மனிதரின் சின்னப் பைத்தியம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கோடையில் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவுக்கும் அதே காய்ச்சல் பிடித்தது. எந்த ஆராய்ச்சியை இன்டர்நெட்டில் யாரும் பார்ப்பதில்லையோ, அந்தப் பிரிவுக்கு இனித் தனி அறை கிடையாது என்று முடிவெடுத்தார்கள். தலையில் முடி நடும் பிரிவு ஒன்று புதிதாக வரப்போகிறது, அதற்குத் தரைத்தளத்தில் இடம் வேண்டும். தரைத்தளத்தில் எந்த அறை என்று சொல்லவேண்டுமா? ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை குழு கூடும். எண் போதாது என்றால் கிளினிக் மூடப்படும். இடுப்பில் குழந்தையோடு வருகிறவர்கள் வேறு எங்காவது போகவேண்டியதுதான். வேறு எங்கே என்பது குழுவின் கவலையில்லை.

இப்போது டாக்டரின் பார்வையில் ஒரு பயம் சேர்ந்துகொண்டது. பயம் வந்த எத்தனைபேர்க்காரர் என்ன செய்வார்? ஆள் பிடிப்பார்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் கோவிந்தப்பா சைபர் கபே வைத்திருந்தார். தூசி பட்டால் மூச்சு வாங்கும் உடம்பு, டாக்டரின் பழைய நோயாளி. "கடைக்கு வர்றவாளுக்கு நம்ம பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்று டாக்டர் கேட்டார். கோவிந்தப்பா நன்றியுள்ளவர். நன்றியுள்ளவர்களிடம் எதையும் அளந்து கேட்கவேண்டும்.

"ஆயித்து சார், எல்லா மெஷின்லயும் போட்டாச்சு," என்றார் இரண்டு நாள் கழித்து, தம் கன்னடம் கலந்த தமிழில். "யார் வந்து உக்காந்து நெட் ஓபன் பண்ணாலும் பஸ்டு உங்க பக்கம்தான் பர்த்ததே. அப்புறம்தான் அவங்க வேலை. டீக் அல்வா சார், சரிதானே?"

எனக்குப் புரிந்தது. டாக்டருக்கும் புரிந்திருக்கவேண்டும். ஆனால் இந்த இனத்துக்கு ஒரு நாகரிகம் உண்டு. ஏறுகிற எண்ணைப் பார்த்து, ஏனப்பா ஏறுகிறாய் என்று கேட்கமாட்டார்கள்.

எண் ஏறியது. கல்யாண ஜாதகம் தேடி வந்தவர்கள், விசா படிவம் தேடி வந்தவர்கள், கடைக்காரருக்குத் தெரியக்கூடாத படங்களைத் தேடி வந்த வாலிபர்கள், அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு மெயில் அடிக்கத் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்த தாத்தாக்கள், அத்தனை பேரும் முதலில் நுரையீரலைத் தரிசித்துவிட்டே உள்ளே போனார்கள். டாக்டர் தினசரி எண்ணை வைத்து வரைபடம் போட்டார். மே மாத நடுவில் ஒருநாள் காலை மட்டும் அது கோபுரம் போல எழுந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த ஒளியை நான் பனிச்சிகரத்தில்கூடப் பார்க்கவில்லை.

"மகரந்தம்," என்றார் மெல்ல. "மழைக்கு முந்தி காத்துல மகரந்தம் ஏறற சமயம். ஜனங்களுக்கு இழுப்பு வரது, உடனே கட்டுரையைத் தேடறா. இதை வெச்சே ஆஸ்துமா சீசன் எப்ப வரும்னு முன்கூட்டியே சொல்லலாம் தெரியுமோ?"

கேட்டீர்களா? ஆஸ்துமாவைப் பற்றி எழுதியாயிற்று. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்தாயிற்று. இப்போது, எத்தனை பேர் படித்தார்கள் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை. அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று இன்னொன்று. பாம்பு தன் வாலை விழுங்குவதாகச் சொல்வார்கள். இது விழுங்கிவிட்டு ருசி எப்படி என்று வாலையே கேட்கும் பாம்பு.

ஜூன் மாதச் சனிக்கிழமை வந்தது. குழுவினர் அந்த அறையை நேரில் பார்க்கவேண்டும் என்றதால் கூட்டமும் அங்கேயே. வெளியே பெஞ்சில் கிளினிக்குக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள், ஒரு குழந்தையின் இருமல் கதவைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே டாக்டர் சுவரில் படம் காட்டினார். பின்லாந்தைக் காட்டினார். நியூஜெர்சியைக் காட்டினார், அங்கே மட்டும் இரண்டு பேர். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தைக் காட்டினார். மகரந்தம் என்றார்.

குழுத் தலைவர் வேதநாயகி அம்மாள் மாநில அரசின் கருவூலத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"டாக்டர், அது என்ன தேதி?"

சொன்னார்.

"அன்னிக்குத்தானே பியூசி பரீட்சை ரிசல்ட் வந்தது?"

டாக்டர் சுவரில் இருந்த தேதியை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"எங்க தங்கச்சி பேத்திக்கு ரிசல்ட் பாக்க நான்தான் கூட்டிட்டுப் போனேன். எதிர்ல இருக்கிற கடைக்கு. எந்த மெஷின்ல உக்காந்தாலும் உங்க நுரையீரல்தான் வந்தது டாக்டர். மூடினா திரும்பவும் வந்தது. நாலு மெஷின் மாறி உக்காந்தோம். அந்தக் கோபுரத்துல நாலு செங்கல் என்னோடது."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டாக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடி நடுகிறவர்களின் பிரதிநிதி, சுவரை எங்கே இடிக்கலாம் என்று பார்வையாலேயே அளக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். பெயர் ஜோசஃபின், மர்பி டவுன் என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் பையன், இருமிக்கொண்டிருந்தது அவன்தான். கையில் அடியில் துளை போட்ட தண்ணீர் பாட்டில்.

"மன்னிச்சுக்கங்க சார், ரொம்ப நேரமா வெளிய நிக்கறோம். பாட்டில் டாக்டர் யாருங்க?"

பாட்டில் டாக்டர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் போல.

"இத நானே செஞ்சேன் சார். ஓட்டை பெரிசாப் பூட்ச்சு. மருந்து சைடுல ஓடிடுது. மொத ரெண்டு நாளு நல்லா தூங்கினான், இப்ப திரும்ப இழுக்குது. இன்னா தப்புன்னு பாருங்க."

"இது உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று வேதநாயகி அம்மாள் கேட்டார்.

"எதிர் கடைலதாம்மா. பெரிய பொண்ணுக்கு ரிசல்ட் பாக்கப் போனோம். ஒரே கூட்டம், ரிசல்ட் வரவே மாட்டேன்னுது, இதுதான் முன்னாடி நின்னுக்கினே இருந்துச்சு. போட்டோல ஒரு பையன் பாட்டில வாய்ல வெச்சிருந்தான். இன்னாடி இது, தண்ணியில்லாம பாட்டிலக் குடிக்கறான்னு கேட்டேன். பொண்ணு படிச்சு அர்த்தம் சொன்னா."

டாக்டர் பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். துளையைச் சுற்றிப் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டி, இன்ஹேலரைச் செருகி, இறுகவில்லை என்று எடுத்து மறுபடி ஒட்டி, தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "கண்ணா, இதுக்குள்ள பூனை இருக்கு, மெதுவா மூச்சு விட்டு எழுப்பு பாக்கலாம்," என்றார். பையன் பூனையை எழுப்பினான். டாக்டர் முதுகில் காதை வைத்துக் கேட்டார், குழாயைக்கூடத் தேடவில்லை. சுவரில் கோபுரம் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. அவர் ஒருமுறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையனின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட ஆரம்பித்தது.

வேதநாயகி அம்மாள் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடி நடுகிறவரிடம், "உங்களுக்கு மாடியில பாத்துக்கலாம். வழுக்கைக்கு மாடி ஏற மூச்சு இருக்கும்," என்றார். டாக்டரிடம், "ரூம் உங்களுக்கே இருக்கட்டும். ஆனா அந்த மீட்டரை இன்னிக்கே கழட்டணும்," என்றார்.

இங்கே முடித்திருந்தால் டாக்டர் திருந்தினார் என்று நீங்கள் நம்பியிருப்பீர்கள். ஆனால் நான் இனத்தைப் பற்றி எழுதுகிறேன், அதிசயத்தைப் பற்றி அல்ல. ஜோசஃபின் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். டாக்டர் கதவு வரைக்கும் பின்னாலேயே போனார். தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, கட்டுரையைக் கடைசி வரைக்கும் படிச்சேளா?"

"இல்ல சார், அதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு."

"பாஸா?" என்றார் வேதநாயகி அம்மாள் உள்ளேயிருந்து.

"பாஸும்மா."

அன்றே மீட்டரைக் கழற்றினேன். திங்கட்கிழமை காலை கோட்டை மாட்டுவதற்கு முன் டாக்டர் என் மேசைக்கு வந்தார். "கழட்டினது நல்லதுதான். மனசு லேசா இருக்கு," என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "ஆனா ஒண்ணு. கழட்டினப்புறம் எத்தனை பேர் வரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் நீங்கள் எல்லோருக்கும் அனுப்பிய அந்த நகைச்சுவை மெயிலுக்கு யாரெல்லாம் பதில் போடவில்லை என்று உங்களுக்குப் பெயர் பெயராகத் தெரியும் அல்லவா? உங்கள் கவிதை வந்த பத்திரிகையைத் தெருமுனைக் கடையில் யாராவது புரட்டுகிறார்களா என்று பார்க்க, வேண்டாத வாழைப்பழத்தை வாங்கி நின்றுகொண்டே தின்ற சாயங்காலம் நினைவிருக்கிறதா? தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இனம் அங்கே நிற்கவில்லை என்றால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், வேறு ஏதோ திறக்கக் காத்திருந்த நேரத்தில் இது உங்கள் முன்னால் நின்றிருந்தாலும் எனக்குச் சம்மதமே. கடைசி வரைக்கும் வந்தீர்களா என்று கேட்கும் சின்னப்புத்தி எனக்கில்லை. வந்திருந்தால் மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எத்தனை பேர் என்று சும்மா தெரிந்துகொள்ளத்தான்.